கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவருக்கு முதலில் தேவைப்படுவது மருத்துவர் அல்ல. தாம் விழுந்து கிடப்பது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். மூத்தோர் வீடுகளில் தொழில்நுட்பம் நுழைந்த கதையில் பெரும்பகுதி இதுதான்.

1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆண்ட்ரூ டிப்னர் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். தனித்து வாழும் முதியவர் பொத்தானை அழுத்தினால், தொலைபேசி வழியே மருத்துவமனைக்குச் செய்தி போகும். பிரிட்டனின் முதியோர் குடியிருப்புகளில் பொத்தானைவிடக் கயிறே பரவலானது. இழுத்தால் வார்டனுக்கு மணி கேட்கும்.

சிங்கப்பூரில் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக வீவக 1998ல் 'ஸ்டூடியோ' வீடுகளை அறிமுகப்படுத்தியது. குத்தகை 30 ஆண்டு. பரப்பளவு 35 அல்லது 45 சதுர மீட்டர். கைப்பிடிக் கம்பிகளோடு அபாய மணிக்கான கயிறும் அவ்வீடுகளில் இடம்பெற்றது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், நேயர்களே, கயிறு சுவரில் ஓரிடத்தில்தான் தொங்கும். நாம் விழும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க முடியுமா? தவிர, கயிற்றைக் கண்டால் துண்டு காயப்போடத் தோன்றுவது நம் வழக்கம்! கையில் தட்டுகிறதே என்று சுருட்டி மேலே கட்டிவிடுவோரும் உண்டு. அதன் பிறகு அது வெறும் அலங்காரம். கயிறு எட்டி, மணியும் அடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அதைக் கேட்டு வருபவர் யார்?

பின்னாளில் வாடகை வீடுகளில் வாழும் மூத்தோருக்குக் கம்பியில்லாப் பொத்தான் வழங்கப்பட்டது. வீட்டுக்குள் போகுமிடமெல்லாம் எடுத்துச் செல்லலாம் என்பதால் எட்டாத கயிறு என்ற குறை நீங்கியது.

எனினும் 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த 169 சமூகப் பராமரிப்பு வீடுகளையே நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். வாங்குபவர் அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் கட்டாயம் எடுக்க வேண்டும். 24 மணி நேர அவசரக் கண்காணிப்பும் உதவியும் அதில் அடக்கம். அழைப்புக்குப் பதில் சொல்லும் ஆளும் வீட்டோடு சேர்ந்தே வருகிறார். கட்டணம் கூடுதலே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பதில் இல்லாத மணியைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

உங்கள் பெற்றோர் வீட்டில் அந்தப் பழைய கயிறு இருந்தால், அடுத்த முறை போகும்போது தரையில் படுத்துக் கையை நீட்டிப் பாருங்கள். எட்டவில்லையென்றால் முடிச்சை அவிழ்த்துத் தொங்கவிட்டு வாருங்கள்.