பல்லோம்பலும் உற்றறிவும்

பல்லைத் தூய்மை செய்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அவற்றுள் துலக்குதல், விளக்குதல் என்னும் இரண்டும் துலங்கு, விளங்கு என்னும் தன்வினைகளின் பிறவினை வடிவங்களாம். ஒளிபெறச் செய்தல் என்பது அவற்றின் பொருள். ஒளியை அறிவது கண். தேய்த்தல் என்பதோ கையின் தொழிலைக் குறிக்கும் சொல். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, காலைக் கடனைக் கூறுமிடத்துக் கோலைத் தின்னுதல் என்னும் பொருள்படவே பல் தூய்மையைச் சுட்டுகின்றது. ஆங்குத் தொழிற்படுவன மெல்லும் பல்லும் சுவையறியும் நாவுமே. இவ்விருவகை வழக்கும் பார்வையற்ற மாணவர்க்குப் பல்லோம்பல் கற்பித்த வரலாற்றை விளக்கப் பெரிதும் துணைசெய்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் பல்மருத்துவர் கற்பித்த முறை கண்ணையே சார்ந்து வளர்ந்தது. சுவர்ப்படமும் முகம்பார்க்கும் கண்ணாடியும் அதற்குக் கருவிகளாயின. பற்படிவைச் சிவப்பேற்றிக் காட்டும் எரித்ரோசின் என்னும் சாயமும் 1960களில் பரவிற்று. சிவந்த இடத்தைக் கண்டு தேய்த்தல் வேண்டும் என்பதே பாடம். காண இயலாத மாணவர்க்கு இப்பாடத்தால் பயன் யாது?

பார்வையற்ற மாணவரிடம் பற்படிவும் ஈறழற்சியும் மிகுந்திருத்தலைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைப் பார்வையின்மையின் இயல்பான விளைவு எனக் கொள்வது பொருந்தாது. டென்மார்க்கில் லோ என்பாரும் அவர்தம் துணைவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், பல் தேய்த்தலை நிறுத்திய 12 பேர்க்கும் மூன்று வாரத்திற்குள் ஈறழற்சி தோன்றிற்று. தூய்மை செய்தலை மீண்டும் தொடங்கிய பின்னர் அது நீங்கிற்று. அவர்கள் பார்வையுடையோர். படிவு நீங்காதிருப்பின் எவர்க்கும் ஈறு கெடும் என்பது இதனால் பெறப்படும். மருத்துவரை அணுகுதலில் உள்ள இடர் முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், கற்பித்த முறையின் குறையே இங்கு முதற்கண் நோக்கற்பாலது.

இத்தகைய குறை எழுத்துக் கல்வியிலும் முன்னர் நேர்ந்ததுண்டு. பாரிசு நகரில் பார்வையற்றோர்க்குப் பள்ளி கண்ட வாலந்தின் ஆவுய், கண்ணுக்குரிய எழுத்துகளையே தாளில் புடைப்பாக்கித் தடவிப் படிக்கச் செய்தார். அவ்வெழுத்துகளை விரல் எளிதில் பிரித்தறியவில்லை. 1819இல் அப்பள்ளியிற் சேர்ந்த லூயி பிரெயில், 1829இல் வெளியிட்ட புள்ளி எழுத்தை விரலுக்கெனவே அமைத்தார். புலனுக்கேற்ற வழி கிடைத்தபின் கல்வி எளிதாயிற்று.

பல்லோம்பலுக்கும் அத்தகைய வழி உண்டு. சில்னசு, லோ ஆகியோர் 1964இல் வகுத்த பற்படிவுக் குறியீடு 0 முதல் 3 வரை நான்கு படிகளை உடையது. அவற்றுள் 1 என்னும் படிக்குரிய படிவு வெறுங்கண்ணுக்குப் புலனாகாது. பல்லின்மேல் ஆய்கருவியை ஓட்டியே மருத்துவரும் அதனை உணர்வர். தொடக்கநிலைப் படிவைக் கண்ணுடையாரும் தொட்டே அறிகின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தொல்காப்பிய மரபியலும் உயிர்களின் அறிவை வரிசைப்படுத்துங்கால் உற்றறிவை முதலிலும் நாவறிவை அடுத்தும் வைக்கின்றது. கண்ணறிவு நான்காவதாகவே வருகின்றது. பல்லை அறிதற்கு முதலிரண்டுமே பெரிதும் போதும்.

கருநாடக மாநிலத்துப் பெல்காவியிலிருந்து 2012இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்வழியையே மேற்கொண்டது. பார்வையற்ற சிறார் செய்முறையைச் செவியாற் கேட்டனர். பல்மாதிரியைக் கையால் தடவிப் பயின்றனர். தம் பல்லின் தன்மையை நாவால் உணர்ந்தனர். பயிற்சிக்குப்பின் அவர்தம் பற்படிவு குறைந்தது.

தமிழகத்தில் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி 1890இல் தோன்றியது. நூற்றாண்டு கடந்த இக்கல்வி மரபிற்குத் தமிழாசிரியர் ஆற்றற்குரிய பணி ஒன்றுண்டு. பல்லோம்பற் பாடத்தைப் பிரெயிலில் பெயர்த்தமைத்தல் மட்டும் போதாது. 'கண்ணாடியிற் பார்', 'வெண்மையாகும்வரை துலக்கு' என்னும் தொடர்கள் பிரெயிலில் அமைந்தாலும் கண்ணுக்குரியனவே. 'நாவால் தடவு, சொரசொரப்பு உளதேல் மீண்டும் தேய், வழவழப்பு உணர்ந்தபின் நிறுத்து' என்னும் தொடர்களே மாணவர்க்குப் பயன்படும். உற்றறிவைக் குறிக்கும் இத்தகைய சொற்கள் தமிழில் குறைவற உள. அவற்றைத் தேர்ந்து பாடநூலில் இடம்பெறச் செய்தல் நம் கடனாகும்.