போக்கிமோன் ரெட், கிரீன்

போக்கிமோன் ரெட், போக்கிமோன் கிரீன் ஆகியவை சப்பானின் கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கி, நிண்டெண்டோ நிறுவனம் 1996 பிப்ரவரி 27 அன்று வெளியிட்ட பாத்திரமேற்கும் வகை நிகழ்பட விளையாட்டுகள். கையடக்கக் கருவியான கேம் பாய்க்காக இவை எழுதப்பட்டன. ஆடுபவர் ஒரு சிறுவனாக ஊர் ஊராக நடந்து, புல்வெளியிலும் குகையிலும் நீரிலும் வாழும் விந்தை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, பிறருடைய உயிரினங்களோடு மோதவிடுகிறார். மொத்தம் 151 உயிரினங்கள். அவற்றுள் பல வளரும்போது வேறு வடிவம் கொள்கின்றன.

தோற்றம்

இவ்விளையாட்டை வடிவமைத்த சதோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயல், ஓடை, குளக்கரை என்று திரிந்து வண்டுகளைத் தேடிப் பிடித்ததால் உடன் படித்தவர்கள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்று அழைத்தனர். பிறகு நகரம் விரிந்தது. குளங்கள் தூர்ந்தன, வயல்களில் வீடுகள் எழுந்தன. தான் மீன் பிடித்த குளம் விளையாட்டுக் கூடமாக மாறியதைத் தஜிரியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பூச்சி தேடிய சிறுவன் அத்தகைய கூடங்களில் நிகழ்பட விளையாட்டு ஆடுபவனானான். 1983-இல் விளையாட்டுகளைப் பற்றிக் கேம் ஃபிரீக் என்ற சிற்றிதழைத் தொடங்கினார். அதற்கு ஓவியம் வரைந்தவர் கென் சுகிமோரி. போக்கிமோன்களுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. 1989-இல் இதழ் நிறுவனமாயிற்று.

சென்னையின் தென்மேற்கில் உள்ள குன்றத்தூரை அறிந்தவர்களுக்கு மச்சிடாவின் கதை அந்நியமாகத் தோன்றாது. சேக்கிழார் பிறந்த ஊர், மலைமேல் முருகன் கோயில் உள்ள ஊர் என்று அறியப்பட்ட இவ்வூர் 2021-இல் நகராட்சியானது. செம்பரம்பாக்கம் ஏரி இன்றும் அருகில் உள்ளது. சுற்றியிருந்த வயல்களில் பல வீட்டுமனைகளாகிவிட்டன. பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்பதும், அது முட்டையிட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பதும், பள்ளியில் பல்பத்துக்கோ கோலிக்கோ அதை மாற்றிக்கொள்வதும் தமிழகச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிய ஆட்டம். தஜிரி கருவிக்குள் அடைக்க நினைத்தது ஏறத்தாழ இந்த ஆட்டத்தைத்தான்.

பரிணாமமா, உருமாற்றமா?

உயிரினம் வடிவம் மாறுவதை விளையாட்டு 'பரிணாமம்' என்றே குறிப்பிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'கூர்ப்பு' எனப்படுவதும் இச்சொல் குறிக்கும் பொருளே. ஆனால் அறிவியல்படி இப்பெயர் பொருந்தாது. கேட்டர்பி என்ற கம்பளிப்புழு 7-ஆம் நிலையில் மெட்டாபாட் என்ற கூட்டுப்புழுவாகி, 10-ஆம் நிலையில் பட்டர்ஃபிரீ என்ற பட்டாம்பூச்சியாகிறது. இது எந்தத் தோட்டத்திலும் நடக்கும் உருமாற்றம். பரிணாமம் தனி உயிருக்கு நேர்வதன்று. பல தலைமுறைகளினூடே ஓர் இனத்தொகுதியில் நிகழ்வது. டார்வினை இவ்விளையாட்டிலிருந்து கற்க முயலும் மாணவர் தவறான பாடத்தையே கற்பார். பூச்சி வளர்த்த ஒருவரின் கண்ணால் பார்த்தால் பெயர் தவறினாலும் காட்சி தவறவில்லை. எல்லா மாற்றங்களும் பூச்சியிடமிருந்து வந்தவையும் அல்ல. எதற்கும் உதவாத மாஜிகார்ப் மீன் 20-ஆம் நிலையில் கியாரடோஸ் என்ற பெரும் நாகமாவது, அருவியேறிய கெண்டை மீன் டிராகனாகும் சீனத் தொன்மத்தை நினைவூட்டுகிறது.

பரிணாமத்தையே கதையாகக் கொண்ட விளையாட்டு இதற்குமுன் வந்துவிட்டது. எனிக்ஸ் நிறுவனம் 1992-இல் சப்பானிலும், அடுத்த ஆண்டு 'ஈ.வி.ஓ.' என்ற பெயரில் வட அமெரிக்காவிலும் வெளியிட்ட விளையாட்டில், ஆடுபவர் கடலில் ஒரு மீனாகத் தொடங்குகிறார். பிற உயிர்களைத் தின்று பெறும் புள்ளிகளைக் கொண்டு தாடை, துடுப்பு, உடல் என ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிக்கொண்டு நிலத்துக்கு ஏறி, டைனோசர் காலத்தையும் பனிக்காலத்தையும் கடக்கிறார். இதுவும் டார்வினின் கொள்கை அன்று. முயற்சியால் ஓர் உயிர் தன் உறுப்பை மாற்றிக்கொள்கிறது என்பது லாமார்க்குக்கு நெருக்கமான எண்ணம்.

கம்பியும் பண்டமாற்றும்

இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதுபோல் தனக்குத் தோன்றியதாகத் தஜிரி கூறியுள்ளார். விளையாட்டின் உயிர்நாடி அதுதான். சில உயிரினங்கள் ரெட்டில் மட்டும், சில கிரீனில் மட்டும் கிடைக்கும். கடாப்ரா, மசோக், கிராவலர், ஹான்டர் ஆகிய நான்கும் இன்னொருவரிடம் கைமாறினால்தான் அடுத்த வடிவம் பெறும். தனியாக ஆடி முழுத் தொகுப்பையும் சேர்க்க இயலாது.

உருவாக்கத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. வெளிவந்தபோது கேம் பாய் பழைய கருவியாகிவிட்டதால் தொடக்கத்தில் பெரிய வரவேற்பு இல்லை. மியூ என்ற 151-ஆம் உயிரினத்தை நிரலர் ஷிகேகி மொரிமோட்டோ இறுதி நேரத்தில் சேர்த்திருந்தார். சிறுவர் இதழான கொரோகொரோ 20 வாசகர்களுக்கு மட்டும் மியூவை வழங்குவதாக அறிவித்ததும் செய்தி பரவி விற்பனை ஏறியது. 1998-இல் ரெட், புளூ என்ற பெயர்களில் அமெரிக்காவுக்குச் சென்றது. இப்பதிப்புகள் உலகெங்கும் 3 கோடிக்கும் மேல் விற்றன.

இந்தியாவில்

அந்த 3 கோடியில் தமிழகச் சிறுவர்களின் பங்கு மிகச் சிறிதாகவே இருந்திருக்க வேண்டும். 1990-களில் இங்கே 'வீடியோ கேம்' என்றால் தொலைக்காட்சியில் செருகும் நகல் கருவியும், மாரியோவும் கான்ட்ராவும் அடங்கிய கேசட்டும்தான். நிண்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட அவற்றில் கேம் பாய் விளையாட்டு ஓடாது. கேம் பாய் வேண்டுமானால் வெளிநாட்டு உறவினர் கொண்டுவர வேண்டும். இல்லையேல் பர்மா பஜாரில் தேட வேண்டும். கருவி ஒன்று கிடைத்தாலும், கம்பியின் மறுமுனைக்கு இன்னொரு கருவி எங்கே?

எனவே பலருக்கு விளையாட்டுக்கு முன்பே தொடர் அறிமுகமாயிற்று. 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியா போக்கிமோன் அசைபடத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. மூல விளையாட்டு பலரிடம் வந்து சேர்ந்தது கணினியில் ஓடும் போன்மியாக்கி மென்பொருள் வழியாக. அதில் பெரும்பாலும் தனியாகவே ஆட முடிந்தது. கடாப்ரா கடாப்ராவாகவே நின்றுவிட்டது. பொன்வண்டைக் கைமாற்றத் தெரிந்த சிறுவர்களுக்கு இவ்விளையாட்டின் கைமாற்றும் பகுதி மட்டும் கிடைக்காமல் போனது விந்தைதான்.

2016 சூலையில் சில நாடுகளில் வெளியான போக்கிமோன் கோ, உயிரினங்களைத் திறன்பேசி வழியே உண்மையான தெருக்களில் தேடவைத்தது. அதிகாரப்பூர்வமாக இந்தியாவுக்கு வருமுன்பே பலர் அதை ஆடினர். வழிபாட்டுத் தலங்களில் விளையாட்டு முட்டைகளைக் காட்டுவது சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்று அவ்வாண்டு செப்டம்பரில் குசராத்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. டிசம்பர் 14 அன்று ஜியோ நிறுவனத்துடன் இணைந்து இந்தியாவில் முறைப்படி வெளியானது. இதன் வரைபடத்தில் உள்ள நிறுத்தங்களில் பல, நியான்டிக் நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரெஸ்ஸில் ஆட்டக்காரர்களே பரிந்துரைத்த கோயில்கள், சிலைகள், சுவரோவியங்கள். ஆட்டக்காரர்கள் மிகுந்த மாநகர மையங்களில் நிறுத்தங்கள் நெருக்கமாகவும், புறநகர்களில் தொலைவு தொலைவாகவும் அமைந்தன. முட்டை பொரிக்க 2, 5 அல்லது 10 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது.