மதுரைக்குப் போய் ஹோட்டலில் சாப்பிட்ட வரலாறு

சென்ற இதழில் மதுரையில் எந்தத் தெருவில் என்ன நன்றாக இருக்கும் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. கறிதோசை, ஜிகர்தண்டா, பருத்திப்பால், இரவு பதினொரு மணிக்கு மேலும் கிடைக்கும் இட்லி என்று ஒன்றையும் விடவில்லை. அதைப் படித்துவிட்டு என் மனைவி, "நீங்களும் எழுதுங்களேன், அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு வந்து சாப்பிட்டதைத்தானே எப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன். ருசியைவிட வேறொரு சங்கதிதான் முன்னால் வந்து நின்றது. ஊரிலிருந்து பட்டணத்துக்கு வந்த இரண்டு சிநேகிதர்கள் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வருவது இன்று நமக்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் அது சாதாரணமாகி அதிக காலம் ஆகிவிடவில்லை.

ஹோட்டல் என்று ஒன்று இல்லாத காலத்தில் மதுரைக்கு வந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்? உறவினர் இருந்தால் உறவினர் வீட்டில். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், அப்பா இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கித்தான் படித்தார். அவரைப் பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது. உறவு இல்லாதவர்களுக்குச் சத்திரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்தப் பக்கம் ஆட்டோ பிடிக்கும்போதாவது. ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதி பார்த்துத்தான் நடந்தது. மற்றவர்களுக்குக் கட்டுச்சோறும் மரத்தடியும்.

எங்கள் வறண்ட சீமையில் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தியும் கருப்பட்டியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நாடார் வியாபாரிகளுக்கு, போகிற இடத்தில் தங்கவும் பொங்கித் தின்னவும் இடம் கொடுப்பார் இல்லை. அதனால் அவர்களே ஆங்காங்கே 'பேட்டை'களைக் கட்டிக்கொண்டார்கள். சுற்றுச்சுவர், கிணறு, மாடு கட்ட இடம், சரக்கை இறக்க இடம் எல்லாம் சேர்ந்த ஒரு வளாகம். செலவுக்கு 'மகமை' என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எல்லோரும் கொடுத்தார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இந்த ஏற்பாட்டில் பேர் பெற்றவை. பின்னாளில் அந்த மகமைப் பணத்திலிருந்து பள்ளிக்கூடங்களும் எழுந்தன. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த மகமைக் கணக்கு எனக்கு எப்போதுமே ஒரு ஆச்சரியம். அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வழியில் ஒரு வாய் தண்ணீர் நிம்மதியாகக் குடிக்க முடியாத நிலைமையில்தான் போய் நிற்கிறது. இதே மக்கள் 1897-இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது.

ரயில் வந்தபோது எல்லோரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஆனால் ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடையில் 'பிராமணாள்' என்று ஒரு பக்கம், 'இதராள்' என்று ஒரு பக்கம். டிக்கெட்டுக்கு ஒரே காசு, காபிக்கும் ஒரே காசு, உட்காருவது மட்டும் வேறு. பல வருஷக் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் தென்னிந்திய ரயில்வேயில் இந்தப் பிரிவினை போனது. பஸ் கதை இதற்கு முந்தியது. அப்போது எங்கள் ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்று தனியார் பஸ்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். சென்னையில் பாண்டி பஜாருக்குப் போய்ப் புடவை எடுக்கிறோமே, அந்தப் 'பாண்டி' இவர்தான். பஸ் ஏறாமல் பட்டணத்துக்கு எப்படிப் போவது? பட்டணத்து ஹோட்டலைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதானே.

ஹோட்டல்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எங்கள் பக்கத்தில் அதற்குக் 'கிளப்புக் கடை' என்று பெயர். என் தாத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். காபி கிளப்புகள் பெரும்பாலும் பிராமணர்கள் நடத்தியவை. பெயர்ப்பலகையிலேயே 'பிராமணாள்' என்று எழுதியிருக்கும். சமைப்பவர் யார் என்று சொல்வதற்காக அந்தச் சொல் என்பார்கள். ஆனால் பல கடைகளில் உட்காரும் இடமும் அதன்படி பிரிந்திருந்தது. 1957-இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டல் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்த மறியலில் நாள்தோறும் ஆட்கள் கைதானார்கள். கடைசியில் சொல் பலகையை விட்டு இறங்கியது. ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் பட்டது.

அசைவத்துக்கு வந்தால் நம் மதுரைப் பக்கத்துக்கே உரிய முனியாண்டி விலாஸைச் சொல்லாமல் விடக்கூடாது. கள்ளிக்குடி பக்கத்தில் வடக்கம்பட்டி என்று ஒரு சின்னக் கிராமம். மழை பொய்த்தால் பிழைப்புக்கு வெளியே போயாக வேண்டிய பூமி. அந்த ஊர் சுப்பா நாயுடு 1930-களில் காரைக்குடியில் ஊர்ச் சாமி முனியாண்டியின் பெயரில் சாப்பாட்டுக் கடை வைத்தார். அவரைப் பார்த்து அந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நாயுடுக்களும் ரெட்டியார்களும் தமிழ்நாடெங்கும் அதே பெயரில் கடைகள் திறந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை முதலாளிகள் ஊர் திரும்பி, முனியாண்டிக்குக் கிடா வெட்டி, அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து விடியற்காலையிலேயே வந்தவருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பிரியாணியா என்று கேட்பவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். நான் போயிருக்கிறேன், சர்க்கரை வருவதற்கு முன்னால்.

பெண்கள் சங்கதி இன்னொரு கட்டுரைக்கு ஆகும். ஹோட்டல்களில் திரை போட்ட 'ஃபேமிலி ரூம்' இருந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். என் அம்மா முதன்முதலாக ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது என் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மதுரைக்கு வந்தபோதுதான். அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

இனி நான் சொல்ல வந்தது. 1981. பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சை எழுத மதுரைக்கு வந்தேன். கூட வந்தவன் கல்லூரியில் என்னோடு மூன்று வருஷம் படித்தவன். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அவன் அப்பா சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். ஊருக்கு மேற்கே தனியாக இருந்த காலனியில் அவர்கள் வீடு. அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான், நானும் அவன் ஊருக்குப் போயிருக்கிறேன். அவன் ஊர் டீக்கடையில் நாங்கள் இருவரும் டீ குடித்திருக்கிறோம். ஆனால் எப்படிக் குடித்தோம் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. எனக்குக் கடைக்காரர் பெஞ்சில் இடம் காட்டி, பலகை மேல் கவிழ்த்திருந்த கண்ணாடி கிளாஸில் தருவார். நண்பன் கூரைக்கு வெளியே நிற்பான். ஓரத்தில் கம்பியில் தொங்கிய அலுமினிய டம்ளர்களில் ஒன்றை எடுத்து நீட்டுவான். குடித்து முடித்ததும் தொட்டித் தண்ணீரை மொண்டு அவனே கழுவி அதே கம்பியில் மாட்டுவான். நான் பேசிக்கொண்டே குடித்துவிட்டுக் கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வருவேன். 'வெளியே காத்தாட நிக்கிறான்' என்றுதான் என் மனசு கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

விடியற்காலை முதல் பஸ். காரியாபட்டி தாண்டும்போதே பசி. பரீட்சை முடிந்து டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குள் போனோம். உள்ளே நுழையும்போது அவன் ஒரு கணம் வாசல்படியில் நின்றான். காசு பற்றாதோ என்று பயப்படுகிறான் என்று நினைத்து, "வாடா, எங்கிட்ட இருக்கு" என்றேன். இலைபோட்டுச் சாப்பாடு. அவன் நிதானமாக, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். பிறகு டவரா டம்ளரில் காபி வந்தது. குடித்து முடித்தான். டவராவையும் டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, என்னிடம் மெல்லக் கேட்டான்: "டம்ளரை எங்கடா கழுவணும்?"

பக்கத்தில் நின்ற சர்வர் பெரியவர் அதைக் கேட்டுவிட்டார். "வச்சிட்டு வாங்க தம்பி, அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை, ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. நான்தான் சிரித்துவிட்டேன். பட்டிக்காட்டான் என்று கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த அலுமினிய டம்ளர்கள் தொங்கும் கம்பி கண் முன்னால் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் பரீட்சையைப் பற்றியே பேசினோம்.

சட்டம் அப்போது பழசாகியிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. டம்ளர் வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் காபி குடித்தபோது அந்தச் சட்டத்துக்கு இருபத்தாறு வயது, எங்களைவிட மூப்பு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானோரை அழைத்துப் போய் (1939 ஜூலை 8) நாற்பது வருஷம் தாண்டியிருந்தது. கோயில் கதவு திறந்த ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் டீக்கடைக் கம்பி அப்படியே இருந்தது.

நம் நாட்டில் மட்டும் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போனார்கள். பற்பசை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அங்கே அவர்களுக்கு விற்பார்கள். சிற்றுண்டி மேஜையில் மட்டும் உட்கார்ந்து காபி கேட்டால் கிடையாது. அவர்கள் உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், கொடுக்கவில்லை, கடை மூடும்வரை எழுந்திருக்கவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலை மாதக் கடைசியில் அந்த மேஜை எல்லோருக்கும் திறந்தது. அந்த நால்வரும் கல்லூரி முதல் வருஷப் பிள்ளைகள். இதைப் படித்தபோது எனக்கு அவர்களைவிட, அன்று அந்த மேஜையில் ஏற்கெனவே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர்களின் ஞாபகம்தான் வந்தது. நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்து, மாற்றலாகிப் பல ஊர் சுற்றி, இந்த மதுரைக்கே வந்து குடியேறிய பிறகும், எங்கள் சமையலறையில் வேலைக்கு வரும் அம்மாவுக்கென்று ஒரு தனி டம்ளர் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. யார் அதை அங்கே வைத்தது என்று என் மனைவியும் நானும் ஒருநாள் பேசிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எந்த வீட்டிலும் யாரும் வைப்பதாகத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. அதை எடுத்து மற்றவற்றோடு கலந்துவிட்டோம். அதற்குப் பிறகும் அந்த அம்மா சில மாதம் வரை அந்த டம்ளரையே தேடி எடுத்துக் குடித்தார்.

நண்பனுக்கு அந்த முறை வங்கி வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே அரசாங்க வேலை கிடைத்தது. இப்போது ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் வீடு கட்டியிருக்கிறான். கண் பரிசோதனைக்கு மதுரை வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவான். டவுன்ஹால் ரோட்டுக்கே போய்ச் சாப்பிடுவோம். பில்லுக்குச் சண்டை நடக்கும். போன மாதம் அவன் கிராமத்துக்கு ஒரு கல்யாணத்துக்காக இருவரும் போனோம். பழைய டீக்கடை இருந்த இடத்தில் புதுக் கட்டடம். அந்தக் கடைக்காரரின் மகன்தான் நடத்துகிறார். கம்பியும் இல்லை, அலுமினிய டம்ளரும் இல்லை. வந்தவர் எல்லோருக்கும் பேப்பர் கப். கொரோனாவிலிருந்து அப்படித்தானாம்.

என்னிடம் ஒரு பேப்பர் கப் நீட்டப்பட்டது, வாங்கிக்கொண்டேன். நண்பன் வாங்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் ஏழெட்டுக் கண்ணாடி கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருந்ததை அவன் பார்த்திருந்தான். "எனக்கு கிளாஸ்லயே குடுங்க தம்பி, பேப்பர்ல குடிச்சா டீ மாதிரியே இல்ல" என்றான். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். பிறகு ஒரு கிளாஸை எடுத்து, வெந்நீரில் அலசி, ஊற்றிக் கொடுத்தார். அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தான். முடித்ததும் கிளாஸைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.