சொகுசு ஹோட்டல் நாவலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையும்

பரபரப்பு நாவலாசிரியர்க்குப் பெரும் ஹோட்டல் வாய்ப்பான களமாகும். ஒருவரையொருவர் அறியாத பலரை அது ஒரே கூரையின் கீழ்க் கூட்டுகிறது. விக்கி பாம் 1929 இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நாவல் பேர்லின் ஹோட்டலொன்றை இவ்வாறு பயன்படுத்தியது. ஆதர் ஹெய்லியின் 'ஹோட்டல்' (1965) நியூ ஓர்லியன்ஸ் நகரைக் களமாகக் கொண்டது. அறைத் திறப்புகளைக் கவர்ந்து திருடுபவன், வாகன விபத்தை மறைக்கும் பிரபு தம்பதியர், அவர்களை மிரட்டிப் பணம் பறிக்க முனையும் ஹோட்டற் காவல் அதிகாரி ஆகியோரின் கதைகள் அதில் பின்னிச் செல்கின்றன.

எனினும், அந்நாவலின் வரலாற்றுப் பெறுமதி பிறிதொரு கிளைக்கதையிலேயே தங்கியுள்ளது எனலாம். அறை ஒதுக்கப்பெற்று வந்த பல் வைத்தியர் ஒருவர், கறுப்பினத்தவர் என்பதனால் திருப்பியனுப்பப்படுகிறார். இத்தகைய பாகுபாட்டை அமெரிக்கச் சட்டம் 1964 இல் தடைசெய்தது. பணமுடைய எவரும் உள்ளே நுழையலாம் என்பதே ஹோட்டல் நாவலின் எடுகோள். அது பொய்க்கும் இடத்தை ஹெய்லி தொட்டுக்காட்டினார்.

அக்கால யாழ்ப்பாணத்தில் இவ்வெடுகோள் தேநீர்க்கடை வாசலிலேயே பொய்த்தது. பல கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமர முடியாது. வெளியே நின்று, தமக்கெனத் தனியே வைக்கப்பட்ட போத்தலிலோ பேணியிலோ தேநீர் அருந்த வேண்டியிருந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும், சட்டம் வந்து பல்லாண்டு கழிந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே அவற்றைத் திறக்கச் செய்தன. 1968 இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலை அடைந்தது.

இவ்வரலாற்றினின்றும் எழுந்ததே கே. டானியலின் 'பஞ்சமர்' (1972). ஹெய்லியிடம் கிளைக்கதையாக நின்ற அவமதிப்பு டானியலிடம் மையப்பொருளாயிற்று. குற்றவாளி யார் என்பதே மர்ம நாவலை நகர்த்தும் வினா. இங்கோ வாசலை மறித்தவர் யாரென்பது ஊரறிந்த செய்தி. அவ்வாசல் எவ்விலை கொடுத்துத் திறக்கப்படும் என்பதே வினா. அவ்விலையை உயிராலும் செலுத்தியோர் உளர் என்பதை எமது இலக்கிய வரலாறு மறத்தலாகாது.