டக்கார் சிலையும் 35 சதவீதமும்

ஒரு நாட்டோட ஜனாதிபதி ஒரு பிரம்மாண்டமான சிலை வைக்கிறார். வேலை முடியறதுக்கு முன்னாடியே, "இந்த ஐடியா என்னோடது, அதனால இதுல வர்ற வருமானத்துல 35 சதவீதம் எனக்கு"ன்னு சொல்றார். கற்பனை இல்லீங்க, செனகல் நாட்டுல 2009ல நடந்தது. நாம ராத்திரி பகலா எழுதற கோடு மொத்தமும் கம்பெனிக்குத்தான் சொந்தம்னு சேர்ற அன்னிக்கே கையெழுத்து வாங்கிடறாங்க. இவர் நாட்டோட உச்ச பதவியில உக்காந்துக்கிட்டே அறிவுசார் சொத்துரிமை கேட்டிருக்கார் :-)

அவர் பேரு அப்துலாயே வாத். லேசுப்பட்ட ஆள் கிடையாது. வக்கீல், பொருளாதாரம் படிச்சவர். 1974ல கட்சி ஆரம்பிச்சு, நாலு தேர்தல்ல தோத்து, 2000ல ஒருவழியா ஜனாதிபதி ஆனவர். சிலைக்கான கரு தான் எழுதின புத்தகத்துல இருந்து வந்ததுன்னார். தன் பங்குப் பணம் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளிகளுக்குத்தான் போகும்னும் விளக்கம் கொடுத்தார். ஆனா ஊர்ல அந்த '35' மட்டும்தான் நின்னுச்சு.

சிலையோட பேரு ஆப்பிரிக்க மறுமலர்ச்சி நினைவுச்சின்னம். செனகல் தலைநகர் டக்கார்ல, வாக்கம்ங்கற இடத்துல கடலை ஒட்டி இரட்டைக் குன்று இருக்கு. ஒரு குன்று மேல 1864லயே கட்டின கலங்கரை விளக்கம். இன்னொண்ணு மேல இந்த வெண்கலச் சிலை. உயரம் 49 மீட்டர். பீடத்தை விட்டுட்டுப் பார்த்தா நியூயார்க் சுதந்திர தேவி 46 மீட்டர்தான். எரிமலை வாயைப் பிளந்துக்கிட்டு ஒரு ஆண் வெளிய வர்றான். ஒரு கை மனைவியை அணைச்சிருக்கு, இன்னொரு கையில குழந்தை. குழந்தை விரலை நீட்டிக் கடலைக் காட்டுது.

கட்டினது வட கொரியாவோட மான்சுடே நிறுவனம். வடிவமைப்புல முக்கியமான பேரு செனகல் கட்டடக் கலைஞர் பியர் கூஜாபி அத்தெப்பா. செலவு சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். கஜானாவுல அவ்வளவு பணம் இல்லை. அதனால அரசு நிலத்தைக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணாங்க. முதல்ல வந்த முகங்கள் ஆப்பிரிக்க ஜாடையிலேயே இல்லைன்னு சொல்லி வாத் திருத்தச் சொன்னதாவும் செய்தி வந்துச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது ரகளை. செனகல்ல பெரும்பான்மை முஸ்லிம்கள். அரைகுறை ஆடையில உருவச்சிலையான்னு இமாம்கள் கண்டிச்சாங்க. அதுக்குப் பதில் சொல்றேன்னு வாத், சர்ச்சுல இருக்கிற ஏசு சிலையை இழுத்துப் பேசப்போக, கிறிஸ்தவர்களும் தெருவுக்கு வந்துட்டாங்க. கடைசியில வருத்தம் தெரிவிக்க வேண்டியதாப் போச்சு. 2010 ஏப்ரல் 4ல, சுதந்திரத்தோட 50வது வருஷத்துல, சிலை திறந்தாங்க. ஆப்பிரிக்கத் தலைவர்கள் பலர், அமெரிக்காவுல இருந்து ஜெஸ்ஸி ஜாக்சன், பாடகர் ஏகான் எல்லாரும் வந்தாங்க. எதிர்ப்பாளர்களும் வந்தாங்க, ஊர்வலமா.

ப்ராஜெக்ட் விஷயமா மூணு வாரம் டக்கார்ல இருந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன். மொத்தம் 198 படி. நம்மள மாதிரி நாற்காலியிலயே வாழறவனுக்குப் பாதியிலயே நாக்கு தள்ளுது. உள்ளூர்ப் பசங்க அதே படியில உடற்பயிற்சிக்காக ஏறி இறங்கிட்டு இருந்தாங்க. உள்ள லிப்ட் இருக்கு, ஆணோட தொப்பிக்குள்ள கொண்டு போய் விடுது. கீழ வெள்ளை வெள்ளையா டக்கார் வீடுகள், அந்தப் பக்கம் முழுசா அட்லாண்டிக். ஆப்பிரிக்கக் கண்டத்தோட மேற்கு முனை இங்க இருந்து பக்கம்தான்.

வட கொரியாக்காரன் செஞ்சது எப்படி ஆப்பிரிக்கப் பெருமை ஆகும்னு நிறைய பேர் கேட்டாங்க. எனக்கு அது பெரிய குறையாப் படல. சுதந்திர தேவியும் பிரான்ஸ்ல செஞ்சு கப்பல்ல வந்தவதானே? என் மனசுல தைச்சது அந்தக் குழந்தையோட விரல்.

அந்தக் கடல் வழியாத்தான் அடிமைகளை ஏத்திட்டுப் போனாங்க. டக்காருக்கு எதிர்க்க கோரே தீவு, அங்க அடிமைகள் வீடு. அங்க இருந்து போனவங்க எண்ணிக்கை நெனச்சதை விடக் குறைவுன்னு வரலாற்றாய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா கடலைப் பார்த்துத் திறக்கிற அந்த வாசல்ல நின்னா எண்ணிக்கை ஞாபகத்துக்கு வராது. எதிர்காலத்தைக் காட்டற விரலுக்கு இந்தத் திசைதானா கிடைச்சது?

சரி, அது பழைய கதை. குன்றுல வேலை ஆரம்பிச்சது 2006. அதே 2006ல 31,000 பேருக்கு மேல மரப்படகுல ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல போய் இறங்கினாங்க. அதுல செனகல் ஆட்கள் ஏராளம். மீன் வளம் குறைஞ்சு போச்சு, அதனால மீன்பிடி படகே ஆள் ஏத்தற படகாச்சு. 'பார்சா, இல்லேன்னா பர்சாக்'ங்கறது அப்போ அங்க பசங்க வாயில இருந்த வார்த்தை. பார்சிலோனா, இல்லேன்னா மறு உலகம்னு அர்த்தம். டக்காரை ஒட்டின தியாராய் கடற்கரையில இருந்து கிளம்பின பசங்க பல பேர் திரும்பல. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் சேர்ந்து சங்கமே வச்சிருக்காங்க.

தியாராய்ங்கற பேரை வரலாறு படிச்சவங்க மறக்க மாட்டாங்க. ரெண்டாம் உலகப்போர்ல பிரான்சுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மன்காரன்கிட்ட கைதியா இருந்துட்டுத் திரும்பின ஆப்பிரிக்க வீரர்கள், அங்க இருந்த முகாம்ல தங்களுக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டாங்க. 1944 டிசம்பர் 1ம் தேதி காலையில பிரெஞ்சு ராணுவமே அவங்களைச் சுட்டுச்சு. 35 பேர் செத்ததா அப்போ கணக்கு சொன்னாங்க. உண்மையில நூத்துக்கணக்கில இருக்கும்ங்கறது பல ஆய்வாளர்களோட கருத்து. அது படுகொலைதான்னு பிரான்ஸ் அதிபர் ஒத்துக்கிட்டது 2024ல, 80 வருஷம் கழிச்சு.

இதே வீரர்களுக்கு டக்கார்ல ஒரு பழைய சிலை உண்டு. டெம்பா-டூபோன்னு பேரு. ஒரு ஆப்பிரிக்க சிப்பாய், ஒரு பிரெஞ்சு சிப்பாய், தோளோட தோள் சேர்த்து. 1923ல பிரெஞ்சு ஆட்சியில வச்சது. காலனி ஆட்சியோட அடையாளம்னு 1983ல எடுத்துக் கல்லறைத் தோட்டத்துல போட்டுட்டாங்க. 2004ல அதைத் திரும்பக் கொண்டு வந்து ரயில் நிலையத்து முன்னாடி நிறுத்தினது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம வாத்தேதான். யாரும் கவனிக்காம விட்ட சிப்பாய்களுக்கு மரியாதைங்கறது அவர் எண்ணம். 49 மீட்டர் வெண்கலத்தை விட அதைத்தான் நான் அவர் செஞ்ச நல்ல காரியம்னு சொல்வேன். அதுக்கு அவர் பங்கு கேட்டதாவும் தெரியல.

வாத் 2012 தேர்தல்ல தோத்துட்டார். சிலை நிக்குது. திட்டினவங்க பிள்ளைங்களே இப்போ அங்க நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. என்னைக் கூட்டிட்டுப் போன டாக்சிக்காரர், "அந்தக் காசுல எத்தனை ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம்"னு வழி முழுக்கப் புலம்பினார். இறங்கினதும் அவரே என் கேமராவை வாங்கி, மூணு தலையும் முழுசா விழற மாதிரி எங்க நிக்கணும்னு இடம் பார்த்துச் சொன்னார். படகுகளும் நிக்கல. 2024ல கேனரி தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தவங்க 46,000க்கு மேல.

கொசுறு: மான்சுடே ஆளுங்க நமீபியா, போட்ஸ்வானாலயும் நினைவுச்சின்னங்கள் கட்டியிருக்காங்க. வட கொரியா சிலை விக்கக் கூடாதுன்னு 2016ல ஐ.நா. பாதுகாப்புச் சபை தடை போட்டுச்சு, 2017ல இந்த நிறுவனத்தோட வெளிநாட்டுப் பிரிவையே தடைப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க.