நோயாளியைக் கேட்டுச் செய்யும் பணிவிடை

வாப்பாவோ உம்மாவோ படுக்கையில் விழுந்தால், கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இராஜகிரியிலும் முதலில் ஒலிப்பது தொலைபேசி. துபாயில் ஒரு மகனும் சிங்கப்பூரில் ஒரு மகனும் கலந்து பேசி, யார் வீட்டில் வைப்பது, எந்த மருத்துவரை அழைப்பது என முடிவு செய்கின்றனர். நோயாளியைக் கேட்பது மட்டும் விட்டுப்போகிறது. நாமும் அவ்வாறு செய்தவர்களே.

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) மதீனாவில் நடந்தது வேறு. நோய் கடுமையானபோது நபி (ஸல்) அவர்கள், ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிப் பணிவிடை பெற விரும்பினார்கள். அதற்கு மற்ற மனைவியரிடம் அனுமதியும் கேட்டார்கள். அவர்கள் இசைந்த பின்னரே, அப்பாஸ் (ரலி), அலி (ரலி) இருவரும் தாங்கிப் பிடிக்க, பாதங்கள் தரையில் இழுபட அங்கு வந்தார்கள். ஏழு தோல்பைத் தண்ணீரைத் தம் மீது ஊற்றுமாறு கூறினார்கள்; போதுமென்று அவர்கள் சைகை காட்டும் வரை வீட்டார் ஊற்றினர்.

பிறகொரு முறை நபியவர்களின் வாயோரத்தில் மருந்தைப் புகட்ட வீட்டார் முற்பட்டனர். வேண்டாமெனச் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள இயல்பான வெறுப்பு என்றெண்ணிப் புகட்டிவிட்டனர். தெளிவு பெற்றதும், நான் தடுக்கவில்லையா என்று கேட்ட நபியவர்கள், அங்கு இல்லாதிருந்த அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. அன்போடுதான் புகட்டினர், ஆயினும் அவர்கள் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை.

பணிவிடைக்கு இருந்த மதிப்பும் சிறிதன்று. நோயுற்ற ருகையா (ரலி) அவர்களைக் கவனிக்க மதீனாவில் தங்கிய உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் உண்டென்று நபியவர்கள் அறிவித்தார்கள்.

சைகைகூட இயலாத நிலை வருமுன் விருப்பத்தைக் கேட்டு எழுதிவைத்தால் நல்லது. நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் நம் தஞ்சைக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண்நோயாளிகளின் விழிகளை வரைந்து, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

இன்றோ, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு. செவிலியர் விடைபெற்ற பின் இரவு முழுதும் நம் பொறுப்பு. தலைமாட்டில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: மாத்திரை கொடுத்த நேரம், புரட்டிப் படுக்க வைத்த நேரம். முதல் பக்கத்தில், யார் வீட்டில் இருக்க விருப்பம், எது வேண்டாம் என்பதை வாப்பாவின் சொல்லிலேயே எழுதிவைப்போம்.