நினைத்த பாட்டும் மறந்த பாட்டும்

தென் இத்தாலியக் கடற்கரையில், நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே, பெஸ்ட்டம் என்னும் ஊர் இருக்கிறது. மூன்று பெரிய கிரேக்கக் கோயில்கள் அங்கே இன்றும் தூண்களோடு நிற்கின்றன. அவ்வூரின் பழம்பெயர் போசைடோனியா. கி. மு. 600ஆம் ஆண்டளவில் சிபாரிஸ் நகரத்துக் கிரேக்கர் அதனை நிறுவினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் லுக்கானியர் என்னும் உள்நாட்டு இனத்தார் அதனைக் கைப்பற்றினர். கி. மு. 273இல் உரோமர் அங்கே தம் குடியேற்றத்தை அமைத்துப் பெயரையும் மாற்றினர். இவ்வளவில் முடிந்திருந்தால் இஃது இத்தாலியின் பல ஊர்களுக்கும் நேர்ந்த கதையே. ஆனால் அவ்வூர் மக்களைப் பற்றி இசைப்புலவர் ஒருவர் எழுதிவைத்த சிறு குறிப்பொன்று நமக்குக் கிடைத்துள்ளது.

அவர் பெயர் அரிஸ்டோக்சீனஸ். தாரந்தம் என்னும் கிரேக்க நகரில் பிறந்து, ஏதென்ஸ் சென்று அரிஸ்டாட்டிலிடம் பயின்றவர். சுரங்களின் இயல்பை ஆராய்ந்து நூல் செய்தவர். போசைடோனியர் தம் மொழியையும் வழக்கங்களையும் இழந்து வேற்றினத்தாராகவே மாறிவிட்டனர் என்றும், ஆயினும் கிரேக்கத் திருவிழா ஒன்றை மட்டும் அவர்கள் விடாது கொண்டாடி வந்தனர் என்றும் அவர் கூறுகிறார். அத்திருநாளில் அவர்கள் ஒன்றுகூடிப் பழைய பெயர்களையும் பழைய முறைகளையும் நினைவுகூர்வர். ஒருவரோடொருவர் புலம்பிக் கண்ணீர் விட்டபின் கலைந்து போவர்.

சுரங்களை ஆராய்ந்தவருக்கு இந்த ஊர்க்கதை எதற்கு? அதற்கும் அவரே விடை சொல்கிறார். நாடக அரங்குகள் சீர்கெட்டன, இசை தரம் தாழ்ந்தது. நாங்கள் சிலர் மட்டும் தனியே கூடி, முன்னாளில் இசை எவ்வாறு இருந்ததென்று நினைத்துக்கொள்கிறோம் என்பது அவர் முறையீடு. ஊரை இழந்தவரும் பண்ணை இழந்தவரும் அவர் கண்ணுக்கு ஒரே துயரத்தின் பங்காளிகளாகத் தோன்றினர்.

அவர் சற்று மிகைப்படுத்தினார் என்றே நான் கருதுகிறேன். லுக்கானியர் காலத்திலே அவ்வூரில் மட்கலங்களுக்கு ஓவியம் தீட்டிய அஸ்டேயாஸ், பித்தோன் என்ற இருவரும் தம் பெயர்களைக் கிரேக்க எழுத்திலேயே பொறித்துள்ளனர். ஆகவே மொழி ஒரே தலைமுறையில் மடிந்துவிடவில்லை. பழைய இசையில் ஊறியவர்கள் புதியதைக் கேட்டவுடன் உலகமே கெட்டதென்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கந்தானே!

எனினும் போசைடோனியரின் முன்னோர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தனர் என்பதை நாம் கண்ணாலேயே காணமுடிகிறது. 1968ஆம் ஆண்டு பெஸ்ட்டத்தின் அருகே, கி. மு. 470 அளவிலே அமைக்கப்பட்ட கல்லறையொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மூடுகல்லின் உட்புறத்தில் நீரிற் குதிக்கும் ஒருவனின் உருவம் தீட்டப்பட்டிருந்தமையால் அதற்கு ‘நீரிற் பாய்பவன் கல்லறை’ என்று பெயர். சுற்றுக் கற்களிலோ ஒரு விருந்து நடக்கிறது. ஆடவர் சாய்ந்து கிடக்கின்றனர். ஒருவர் கையில் யாழ் இருக்கிறது. ஓர் இளைஞன் இரட்டைக்குழல் ஊதுகிறான். மற்றொருவர் தலையைப் பின்னே சாய்த்து, வாய் திறந்து பாடுகிறார். இறந்தவனுடன் புதைக்கத் தக்கதாக அவ்வூரார் தேர்ந்த காட்சி இதுவே. இரட்டைக்குழல் என்றேன், அதனை நமது புல்லாங்குழலாக எண்ணிவிடக் கூடாது. அது சீவாளி வைத்து ஊதுவது. ஓசையில் நாகசுரத்துக்கே அஃது உறவு என்று கொள்ளலாம்.

நேயர்களே, கிரேக்கருக்குப் பாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. கலைத்தெய்வங்கள் ஒன்பதின்மருக்கும் அவர்கள் கற்பித்த தாயின் பெயர் நெமோசினே. அதன் பொருள் நினைவு என்பதே. அந்த நினைவு சிலருக்கு உயிரையே காத்த வரலாறும் உண்டு.

கி. மு. 415இல் ஏதென்ஸ் நகரத்தார் பெருங் கடற்படையோடு சிசிலித் தீவின்மேற் சென்றனர். கி. மு. 413இல் அப்படை அடியோடு அழிந்தது. பிடிபட்டோர் ஏழாயிரத்துக்குக் குறையாதோர் சைரக்யூஸ் நகரத்துக் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். மேலே கூரை இல்லை. பகலில் வெயில், இரவில் குளிர். நாளொன்றுக்கு ஒருவருக்குச் சிறு கிண்ணம் நீரும் இரு கிண்ணம் தானியமுமே அளிக்கப்பட்டன. இறந்தோரின் உடல்கள் உயிருள்ளோரின் அருகிலேயே குவிந்து கிடந்தன. துசிடிடீஸின் பக்கங்களில் இதைவிடக் கொடியது அதிகமில்லை.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய புளூட்டார்க் வேறொரு செய்தியைச் சேர்க்கிறார். சிசிலித் தீவினர் யூரிப்பிடீஸின் நாடகங்கள்மீது அளவற்ற ஆசை கொண்டவர்கள். வருவோர் போவோரிடம் கேட்டுச் சிறுசிறு பகுதிகளைப் பாடம் பண்ணியவர்கள். ஆதலால் அடிமைகளாக விற்கப்பட்ட ஏதென்ஸ் வீரருள் யூரிப்பிடீஸை நினைவில் வைத்திருந்தோர், அதனைத் தம் எசமானருக்குச் சொல்லிக்கொடுத்து விடுதலை பெற்றனராம். போரின்பின் அலைந்து திரிந்தோர் அவர் பாட்டைப் பாடி உணவும் நீரும் பெற்றனராம். உயிரோடு ஊர் மீண்டவர்கள் அப்புலவரின் வீடு சென்று நன்றி கூறினர் என்பர். கதை வளர்ந்திருக்கலாம். ஆனால் ஏதென்ஸைத் தோற்கடித்தவர்களே ஏதென்ஸின் பாட்டுக்கு ஏங்கினர் என்பதில் ஐயமில்லை. அந்நகரத்தின் கப்பல்கள் சிசிலியை வெல்லவில்லை. அதன் பாட்டு முன்னரே அங்கு குடிபுகுந்திருந்தது.

பாட மறுத்தவர்களின் கதையும் ஒன்றுண்டு. எனக்கு அதுவே இன்னும் கனமானதாகத் தோன்றுகிறது. சுபார்த்தாவில் ஹெலட்டுகள் என்னும் அடிமை உழவர் இருந்தனர். சுபார்த்தரின் உயர்ந்த பாடல்களைப் பாட அவர்களுக்கு உரிமை இல்லை. இழிந்த பாட்டும் கேலிக்கூத்துமே அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தன. கி. மு. 370–369இல் தீப்ஸ் நகரப் படை அந்நாட்டினுட் புகுந்தது. தம்மிடம் சிக்கிய ஹெலட்டுகளைப் பார்த்துத் தெர்ப்பாண்டர், ஆல்க்மான் முதலியோர் பாடல்களைப் பாடும்படி தீபர் கேட்டனர். எங்கள் எசமானர் அதனை விரும்பமாட்டார் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். இதனைச் சொல்பவரும் புளூட்டார்க்கே. அது அச்சமா, பழக்கமா, அன்றி அப்பாட்டு எங்களுடையதன்று என்னும் மறைந்த வெறுப்பா? அவர் விளக்கவில்லை.

ஆர்க்காடியா என்னும் மலைநாட்டில் நிலை வேறு. அந்நாட்டவரான வரலாற்றாசிரியர் பொலிபியஸ், அங்கே பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே ஊர்த் தெய்வங்கள் மேலும் வீரர்கள் மேலும் பாடப் பழகுவர் என்றும், முப்பது வயதுவரை இசைப்பயிற்சி கட்டாயம் என்றும் எழுதுகிறார். வேறு கல்வி தெரியாதென்பது அங்கே வெட்கமன்று. பாடத் தெரியாதென்று மட்டும் எவரும் சொல்ல இயலாது. இசையைக் கைவிட்ட கினைத்தா என்னும் ஒரே ஊரில் கொலையும் கலகமும் மலிந்தன என்பது அவர் கட்சி. கொலை மலிந்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் கி. மு. 167இல் உரோமர் பிணையாக இத்தாலிக்குக் கொண்டுசென்ற ஆயிரம் கிரேக்கருள் ஒருவர் இதனை எழுதினார் என்பதை நினைத்தால், அந்தப் பக்கத்தில் வாதத்தைவிட ஏக்கமே மிகுதியாக ஒலிக்கிறது.

அந்த உரோமில் கிரேக்க இசைக்கு நேர்ந்ததையும் அவரே எழுதினார். இல்லிரியரை வென்ற அனிக்கியஸ் என்னும் தளபதி, தன் வெற்றிவிழாவுக்குக் கிரேக்க நாட்டின் தலைசிறந்த குழலிசைஞரை வரவழைத்து, எல்லோரும் ஒரே வேளையில் ஊதும்படி ஏவினான். அவர்கள் ஊதினர். போதாது, ஒருவரோடொருவர் போரிடுங்கள் என்று ஆள் அனுப்பினான்! கலைஞர் திகைத்தனர், பிறகு கருத்தறிந்து, கண்டபடி ஊதி ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தனர். ஆடுவோரில் ஒருவன் குத்துச்சண்டைக்கு முட்டியை உயர்த்தவே, கூட்டம் ஆரவாரித்தது.

இதனால் உரோமர் இசையை மதியாதவர் என்று முடிவுகட்டுதல் தவறு. குழலோசை இன்றி அவர்கள் பலியிடுவதில்லை. கி. மு. 311இல் கோயில் விருந்துரிமை மறுக்கப்பட்டதென்று குழலூதுவோர் அனைவரும் வெளிநடந்து திபூர் நகருக்குச் சென்றுவிட்டனர். வழிபாடு நின்றது. சபையார் கலங்கித் தூது விடுத்தனர். திபூர் நகரத்தார் நயமாகச் சொல்லியும் கேளாமையால், விருந்து வைத்து மது ஊட்டி, உறங்கியவர்களை வண்டிகளில் ஏற்றி அனுப்பினர். பொழுது விடிந்தபோது அவர்கள் உரோம நகரத்துச் சந்தைவெளியில் கண்விழித்தனர்; உரிமையும் மீண்டது. வேலைநிறுத்த வரலாற்றில் இத்துணை இன்பமான முடிவு அரிது.

இருந்தும் உரோமரின் பழம்பாட்டுகள் நிலைக்கவில்லை. முன்னோர் விருந்துகளில் குழலுக்கிசைய வீரர் புகழ் பாடும் வழக்கம் இருந்ததென்று கேட்டோ எழுதியதை எடுத்துக்காட்டி, அப்பாடல்கள் இன்று இருந்திருக்கலாகாதா என்று கி. மு. 46இல் சிசரோ ஏங்கினார். சாலியர் என்னும் ஆடற்பூசகரின் பாடல் மட்டும் தொடர்ந்து பாடப்பட்டது. ஆனால் பூசகருக்கே அதன் பொருள் சரிவரப் புரிவதில்லை என்று குவின்டிலியன் குறிக்கிறார். போசைடோனியரிடம் சொல் போய் ஏக்கம் நின்றது. சாலியரிடம் பொருள் போய்ச் சொல் நின்றது.

இனி, கேட்கவே கிடைத்த ஒரு பாட்டைச் சொல்கிறேன். இன்றைய துருக்கியில், அய்தின் நகருக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட சிறு கற்றூண் ஒன்றை 1883இல் இராம்சே என்னும் அறிஞர் வெளியுலகுக்கு அறிவித்தார். கி. பி. முதலிரு நூற்றாண்டுகளில் செய்கிலோஸ் என்பவர் நாட்டிய நினைவுக்கல் அது. அதிற் சிறு பாட்டொன்றும், ஒவ்வொரு சொல்லின் மேலும் சுரக்குறியான எழுத்துகளும், காலக்கோடுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. முழுமையாக நமக்கு எட்டிய மிகப் பழைய பாடல் அதுவே. இன்று எவரும் அதனைப் பாடலாம். அதனை வைத்திருந்தவர் வீட்டிலே, பூச்சட்டி ஆடாமல் நிற்கவேண்டுமென்று கல்லின் அடிப்பாகத்தைத் தேய்த்துவிட்டனர். கடைசி வரி சிதைந்தது. செய்கிலோஸ் அக்கல்லை யாருக்காக நாட்டினார் என்னும் பெயர் அவ்வரியிலேதான் இருந்தது. மனைவிக்கு என்பர் சிலர்; தந்தையின் பெயர் என்பர் வேறு சிலர். கல் இப்பொழுது கோப்பன்ஹேகன் நகரத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பாட்டில் ஒரு சுரமும் குறையவில்லை.